மலைகளின் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ்

1927-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் யோசெமிட்டி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான பாறை மலைகள். அந்த மலை ஒன்றில், பனியை மிதித்துக்கொண்டு சில இளைஞர்கள் ஏறிக்கொண்டு இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் முதுகில் மட்டும் பெரிய மூட்டை இருந்தது. மூட்டையின் எடை 40 ராத்தல். அதற்குள் ஒரு பெரிய காமிரா, லென்சுகள், கலர் கண்ணாடிகள், அவற்றோடு 12 கண்ணாடித் தகடுகள். பிலிமுக்குப் பதிலாக, மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் வழக்கம் அப்பொழுது இருந்தது. ஒரு தகட்டில் ஒரே ஒரு படம்தான் பிடிக்க முடியும். 12 தகடு என்றால் 12 படம். தீர்ந்துவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான்.

மூட்டை சுமந்தவருக்கு வயது 25. பெயர், ஆன்சல் ஆடம்ஸ். அவருடன் வந்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அவர் பெயர் வர்ஜீனியா. பிற்காலத்தில் ஆடம்சின் மனைவி ஆனவர்.

அவர்கள் போன இடம், ஹாப் டோம் என்ற பாறை மலைக்கு எதிரே நீட்டிக்கொண்டு இருக்கும் ஒரு பாறை விளிம்பு. ஹாப் டோம் என்றால் பாதிக் கோபுர முகடு என்று பொருள். முட்டையை நெடுக்காக வெட்டி, ஒரு பாதியை நிறுத்தி வைத்தது போல அந்த மலை இருக்கும். பள்ளத்தாக்கின் தரையில் இருந்து சுமார் 4,800 அடி உயரம்.

மத்தியானம் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வழியில் பல படங்களை எடுத்துவிட்டதால், ஆடம்சிடம் மிச்சம் இருந்தவை இரண்டே தகடுகள். மலை முகமோ நிழலில் இருந்தது. வெயில் அதன் மேல் விழட்டும் என்று காத்து இருந்தார். இரண்டு மணிக்கு மேல் வெயில் பாறை மீது சாய்வாக விழுந்தது. மஞ்சள் கண்ணாடியை லென்சின் முன்னால் மாட்டி, ஒரு படம் பிடித்தார்.

பிடித்த உடனே அவர் மனதுக்குள் ஏதோ உறுத்தியது. கண் முன்னே நிற்கும் மலை, பயமும் பக்தியும் உண்டாக்குகிற மலை. ஆனால் இந்தப் படத்தில் அது வெறும் பாறையாகத்தான் இருக்கும். வானம் வெளுத்துப் போய் இருக்கும். அழகான படம். அவ்வளவுதான்.

மிச்சம் ஒரே தகடு.

மஞ்சள் கண்ணாடியைக் கழற்றினார். கருஞ்சிவப்புக் கண்ணாடியை மாட்டினார். ஐந்து விநாடி லென்சைத் திறந்து வைத்தார். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்று இரவு தகட்டைக் கழுவிப் பார்த்தார். கருத்த வானத்தின் முன்னால், மலை பூதம் போல எழுந்து நின்றது. அவர் மனதில் எப்படி நினைத்தாரோ, அப்படியே!

சிவப்புக் கண்ணாடி செய்த வேலை

இதிலே மந்திரம் எதுவும் இல்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு நீல நிறம் என்றால் மிகவும் பிரியம். நம் கண்ணை விட அதிகமாக நீலத்தை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் நீல வானம் படத்தில் வெள்ளைச் சுவர் போல வந்துவிடுகிறது. மேகம் இருந்தும் தெரிவதில்லை.

லென்சின் முன்னால் மஞ்சள் கண்ணாடி மாட்டினால், அது நீலத்தைக் கொஞ்சம் தடுக்கும். வானம் லேசாகக் கறுக்கும். மேகம் எழும்பித் தெரியும். ஆரஞ்சுக் கண்ணாடி இன்னும் அதிகம் தடுக்கும். சிவப்பு, ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடும். வானம் இரவு போல ஆகிவிடும்.

ஆனால் கண்ணாடி எவ்வளவு கருப்பாக இருக்கிறதோ, அவ்வளவு வெளிச்சமும் குறையும். ஆகவே லென்சை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். ஆடம்ஸ் ஐந்து விநாடி திறந்து வைத்ததற்குக் காரணம் இதுதான். கையில் காமிராவைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி ஆடாமல் நிற்க யாராலும் முடியாது. ஸ்டாண்டு வேண்டும். காமிராவுக்குச் செலவு செய்து விட்டு ஸ்டாண்டுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பவர்கள், இயற்கைக் காட்சி எடுக்கப் போகாமல் இருப்பதே நல்லது.

அன்று முதல், லென்சைத் திறக்கும் முன்பே முடிந்த படத்தை மனக்கண்ணில் பார்த்துவிடுவது ஆடம்சின் வழக்கம் ஆயிற்று. எதிரே என்ன இருக்கிறது என்பது பாதிதான். சுவரில் மாட்டினால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வார். காமிராவைத் தொடுவது அதற்குப் பிறகு.

உடைந்த மூக்கு

ஆடம்ஸ் 1902-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் பிறந்தார். தந்தை பெயர் சார்லஸ். தாயார் ஆலிவ். பாட்டனார் மர வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர். கடல் ஓரமாக, மணல் மேடுகளுக்கு நடுவே சார்லஸ் வீடு கட்டினார்.

1906-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ந் தேதி, விடியற்காலையில் பெரும் பூகம்பம் வந்தது. நகரமே நொறுங்கியது. ஆடம்சின் வீட்டில் புகைபோக்கி விழுந்ததே தவிர, ஆட்களுக்கு ஆபத்து இல்லை. நாலு வயதுச் சிறுவன் தோட்டத்தில் ஓடித் திரிந்தான். சில மணி நேரம் கழித்து, பூமி மீண்டும் ஒரு முறை குலுங்கியது. சிறுவனைத் தூக்கித் தோட்டத்துச் சுவரில் அடித்தது. மூக்கு உடைந்து கோணலாகிவிட்டது. கடைசி வரை அது கோணல் மூக்குத்தான்.

அடுத்த ஆண்டே வேறு விதமான அடி விழுந்தது. 1907-ல் அமெரிக்காவில் பணமுடை ஏற்பட்டது. பாட்டனார் சேர்த்த செல்வம் கரைந்தது. சார்லஸ், கடனை அடைப்பதற்காகவே வாழ்நாள் எல்லாம் உழைக்க வேண்டி வந்தது.

சிறுவன் ஆன்சல் ஓர் இடத்தில் உட்கார மாட்டான். பள்ளிக்கூடத்தில் அவனை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. சுமார் 12 வயதில் தந்தை அவனைப் பள்ளியில் இருந்து நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. தந்தை ஆண்டு முழுவதற்கும் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்து, அதையே அந்த ஆண்டின் பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டார்! பிறகு ஒரு சிறிய தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பை முடித்ததோடு அவருடைய படிப்பு முடிந்தது.

கடன்காரராக இருந்தும், மகன் போக்கைப் புரிந்துகொண்டு வழிவிட்ட அந்தத் தகப்பனாரைப் பாராட்டத்தான் வேண்டும்.

பையனுக்குப் பியானோ மீது ஆசை உண்டாயிற்று. தானாகவே வாசிக்கப் பழகினான். பிறகு ஆசிரியர்கள் வந்தார்கள். துறுதுறுப்பை எல்லாம் அடக்கிப் போட்டது அந்தச் சங்கீதப் பயிற்சிதான். பியானோ வித்வான் ஆவதே வாழ்க்கை என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

தலைகீழ்ப் படம்

1916-ம் ஆண்டு, 14-வது வயதில், ஆன்சல் பெற்றோருடன் யோசெமிட்டிக்குப் போனான். அங்கே பெற்றோர்கள் அவனுக்கு ஒரு பெட்டிக் காமிரா கொடுத்தார்கள். பிரவுனி என்று பெயர். மிக மலிவான காமிரா. பார்த்து, அமுக்கினால் படம் விழும்.

சில நாட்கள் கழித்து, ஹாப் டோமைப் படம் பிடிக்கப் பழைய மரத்தின் அடிக்கட்டை ஒன்றில் ஏறினான். உளுத்துப் போன கட்டை அது. பொலபொலவென்று உதிர்ந்தது. பையன் தலைகீழாக விழுந்தான். விழுகிற போதே விரல் காமிராவை அமுக்கிவிட்டது. பிலிம் சுருளைக் கழுவிய கடைக்காரருக்கு ஒரே ஆச்சரியம். எல்லாப் படமும் நேராக இருக்க, நடுவில் ஒரு படம் மட்டும் தலைகீழாக இருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு சாகும் வரை, ஆண்டு தவறாமல் அங்கே போனார். 17 வயதில், மலைகளைப் பாதுகாக்கப் பாடுபடும் சியரா சங்கத்தில் சேர்ந்தார். 1920 முதல் நாலு கோடைகாலம், அந்தச் சங்கத்தின் விடுதிக்குக் காவல்காரராக வேலை பார்த்தார்.

மலையில் பியானோவுக்கு எங்கே போவது? ஹாரி பெஸ்ட் என்ற ஓவியர் அங்கே படக்கடை வைத்து இருந்தார். அவரிடம் ஒரு பழைய பியானோ இருந்தது. ஆடம்ஸ் அதை வாசிக்கப் போவார். பியானோ மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. கடைக்காரரின் மகள்தான் வர்ஜீனியா! 1928-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி, அந்தக் கடையிலேயே திருமணம் நடந்தது.

பியானோவா, காமிராவா?

அதற்குச் சிறிது காலம் முன்பே ஆடம்சின் படங்களுக்கு ஓர் ஆதரவாளர் கிடைத்து இருந்தார். ஆல்பர்ட் பெண்டர் என்ற இன்ஷூரன்ஸ் வியாபாரி. 1926-ல் படங்களைப் பார்த்த உடனே, இவற்றைத் தொகுப்பாக வெளியிட வேண்டும் என்று முடிவு செய்தார். 1927-ல் தொகுப்பு வந்தது. சிவப்புக் கண்ணாடியில் எடுத்த அந்த மலைப் படமும் அதில் இடம் பெற்றது.

என்றாலும் ஆடம்சுக்கு மனம் இரண்டுபட்டு இருந்தது. ஒரு கை பியானோவில், ஒரு கை காமிராவில். இப்படியே 28 வயது ஆகிவிட்டது.

1930-ல் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போனார். அங்கே பால் ஸ்ட்ராண்டு என்ற படக்காரரைச் சந்தித்தார். ஸ்ட்ராண்டு கையில் அச்சிட்ட படம் ஒன்றுகூட இல்லை. நெகடிவ்கள் மட்டுமே இருந்தன. ஒரு வெள்ளைக் காகிதத்தை வெயிலில் வைத்து, அதன் எதிரே நெகடிவ்களைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நெகடிவில் வெள்ளை கறுப்பாகவும், கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அப்படிப் பார்த்தும், ஆடம்ஸ் சொக்கிப் போனார். காமிராவே தன் தொழில் என்று முடிவு செய்துகொண்டு ஊர் திரும்பினார்.

தாயார் வருந்தினார். இத்தனை ஆண்டுப் பயிற்சியை விடலாமா என்று கேட்டார். தாயார் வருத்தம் நியாயமானதுதான். பியானோ வித்வானுக்குச் சமூகத்தில் மதிப்பு உண்டு. படக்காரருக்கு அப்பொழுது என்ன மதிப்பு?

1932-ல் ஆடம்சும், எட்வர்டு வெஸ்டன், இமோஜன் கன்னிங்காம் முதலியவர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்கு வைத்த பெயர் விசித்திரமானது. எப் 64!

லென்சில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு அது. எண் பெரிதாக ஆக, துவாரம் சிறிதாகும். துவாரம் சிறிதானால், காலடியில் உள்ள பூவும், தூரத்தில் உள்ள மலையும் இரண்டுமே தெளிவாக விழும். அந்தக் காலத்தில், படத்தை மங்கலாக்கி, ஓவியம் போலக் காட்டுவதே கலை என்று பலர் நினைத்து இருந்தார்கள். அப்படி அல்ல, உள்ளது உள்ளபடி தெளிவாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்காகவே இந்தப் பெயரை வைத்தார்கள்.

வாசகர்கள் தங்கள் காமிராவில் 64-ஐத் தேட வேண்டாம். அது பெரிய பெட்டிக் காமிராக்களில்தான் இருக்கும். 35 மில்லிமீட்டர் பிலிம் போடும் சிறிய காமிராவில் 11 அல்லது 16 வைத்தாலே போதும். அதுவே முன்னும் பின்னும் தெளிவாகக் காட்டும்.

தீ

1937-ல் ஒரு பெரிய நஷ்டம் ஏற்பட்டது. நண்பர் வெஸ்டனும், வெஸ்டனுடன் வந்த பெண்மணியும் ஆடம்சோடு மலைப் பயணம் போய்விட்டு யோசெமிட்டிக்குத் திரும்பினார்கள். அன்று இரவு, ஆடம்சின் இருட்டு அறையில் தீப்பிடித்தது. ஆயிரக்கணக்கான நெகடிவ்கள் சாம்பல் ஆயின. கையில் கிடைத்தவற்றை வாரிக்கொண்டு ஓடி, தண்ணீரில் போட்டுக் காப்பாற்றினார்கள். 1927-ல் எடுத்த அந்தக் கடைசித் தகடு பிழைத்தது.

ஜனாதிபதி எடுத்து வைத்துக்கொண்ட புத்தகம்

உலகத்தில் பஞ்சமும், வேலை இல்லாத் திண்டாட்டமும் தாண்டவம் ஆடிய காலம் அது. மனிதர்கள் பட்டினி கிடக்கும் போது, இவர் பாறையையும் மரத்தையும் படம் பிடித்துக்கொண்டு இருக்கிறாரே என்று ஏசியவர்கள் உண்டு.

கலிபோர்னியாவில் கிங்ஸ் கான்யன் என்று ஒரு மலைப்பிரதேசம். ஆழமான பள்ளத்தாக்குகள், ஆறுகள், வானத்தை முட்டும் மரங்கள். அணை கட்ட வேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்டது. அதைப் பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்காவாக ஆக்க வேண்டும் என்று சியரா சங்கம் கேட்டது. 1936-ல் சங்கத்தார் ஆடம்சைத் தலைநகர் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அவர் கையில் இருந்த ஆயுதம் படக்கட்டு ஒன்றுதான். எம்.பி.க்களிடம் அதைக் காட்டி வாதாடினார். காரியம் ஆகவில்லை.

1938-ல் அந்த மலைகளின் படங்களைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். 500 பிரதிகள்தான் அச்சிட்டார்கள். ஒரு பிரதியை உள்நாட்டு மந்திரி ஹரால்டு இக்சுக்கு அனுப்பினார். மந்திரி அதை ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் காட்டினார். ரூஸ்வெல்ட் புரட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவே இல்லை! தானே வைத்துக்கொண்டார். மந்திரிக்கு இன்னொரு பிரதியை ஆடம்ஸ் அனுப்ப வேண்டி வந்தது.

1940-ல் கிங்ஸ் கான்யன் தேசியப் பூங்கா ஆயிற்று. பலர் பல ஆண்டு பாடுபட்டதன் பலன் அது. அதில் இந்தப் புத்தகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கரி முதல் சுண்ணாம்பு வரை

அதே சமயத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலைப்பள்ளி ஒன்றில் ஆடம்ஸ் பாடம் நடத்தினார். அங்கே பிரெட் ஆர்ச்சர் என்ற ஆசிரியருடன் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார். இன்று உலகம் முழுவதும் பிலிம் காமிராக்காரர்கள் படிக்கும் முறை அது.

முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை 11 படிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 0 என்பது கரி. 10 என்பது சுண்ணாம்பு. நடுவில் உள்ள 5, சாம்பல் நிறம்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதைக் காட்டினாலும், அதை 5-வது படி என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டியைக் காட்டினாலும் சாம்பல்தான். கறுப்புக் குடையைக் காட்டினாலும் சாம்பல்தான். மீட்டர் சொன்னபடி பனி மலையைப் படம் பிடித்தால், பனி அழுக்குப் பிடித்தது போல வருவது இதனால்தான்.

ஆடம்ஸ் என்ன செய்தார்? காட்சியில் எது கருத்த பகுதி, ஆனாலும் அதன் விவரம் தெரிய வேண்டும் என்று பார்ப்பார். மரத்தடி நிழல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 3-வது படி. மீட்டரை நிழலுக்குக் காட்டி, அது சொல்வதை விட இரண்டு படி வெளிச்சம் குறைத்து எடுப்பார். வெயில் படும் இடம் எந்தப் படியில் விழுகிறது என்று பிறகு பார்ப்பார். அது அளவுக்கு மீறி வெளுக்கும் போல இருந்தால், பிலிமை மருந்தில் கழுவும் நேரத்தைக் குறைப்பார். கறுப்பு வெள்ளை நெகடிவில், நிழலில் விழாமல் போன விவரத்தை எந்த மருந்தாலும் கொண்டு வர முடியாது. ஆகவே நிழலைப் பார்த்துப் படம் எடு, வெயிலைப் பார்த்துக் கழுவு. முறை முழுவதும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

மீட்டர் எங்கே?

1941-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி.

நியூ மெக்சிகோவில் ஆடம்ஸ் காரில் வந்துகொண்டு இருந்தார். உடன் 8 வயது மகன் மைக்கேலும், நண்பர் செட்ரிக் ரைட்டும் இருந்தார்கள். பகல் முழுவதும் அலைந்தும் ஒரு படம்கூடத் திருப்தியாக அமையவில்லை. அலுப்போடு திரும்பிக்கொண்டு இருந்தார்கள்.

ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். சாலை ஓரத்தில் ஒரு கோயிலும், இடுகாடும். பின்னால் பனி மூடிய மலைகள். மலைக்கு மேலே சந்திரன் ஏறி இருந்தது. எதிர்ப்புறம், சூரியன் மேகத்தின் விளிம்பில் இறங்கிக்கொண்டு இருந்தது. அதன் கடைசி ஒளியில் இடுகாட்டுச் சிலுவைகள் வெள்ளை வெளேர் என்று மின்னின.

ஆடம்ஸ் காரைச் சாலை ஓரத்துக்கு ஒடித்து நிறுத்தினார். ஸ்டாண்டை எடு, காமிராவை எடு என்று கத்தினார். காரின் கூரை மேல் பலகை அடித்து வைத்து இருந்தார். அதில் ஏறிக் காமிராவை நிறுத்தினார். எல்லாம் தயார். மீட்டரைக் காணோம்!

மூன்று பேரும் காரைக் குடைந்தார்கள். கிடைக்கவில்லை. சூரியன் யாருக்காகவும் நிற்பது இல்லை.

அப்பொழுது அவருக்கு ஒன்று நினைவு வந்தது. சந்திரனின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். சதுர அடிக்கு 250 மெழுகுவர்த்தி. சந்திரன் தானாக ஒளி விடுவது இல்லை. வெயிலில் கிடக்கும் ஒரு பாறை அது. அந்த ஒரு எண்ணை வைத்து மனக்கணக்குப் போட்டார். துவாரம் 32. நேரம் ஒரு விநாடி. எடுத்தார்.

இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொள்வோம் என்று அடுத்த பிலிமைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகள் மீது இருந்த வெயில் போய்விட்டது.

இருந்தது ஒரே நெகடிவ். அதுவும் சுலபமான நெகடிவ் அல்ல. கீழ்ப்பகுதி மிகவும் மெலிந்து இருந்தது. 1948-ல், துணிந்து கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயன மருந்தில் நனைத்து, கெட்டி ஆக்கினார். கொஞ்சம் தவறினால் எல்லாம் போய் இருக்கும். அந்த ஒரு நெகடிவில் இருந்து, தம் வாழ்நாளில் 1,300 பிரதிகளுக்கு மேல் தாமே அச்சிட்டார்.

ஒவ்வொரு பிரதியும் ஒரே மாதிரி இருக்காது. நெகடிவ் என்பது சங்கீதத்துக்கு எழுதி வைத்த சுரம், அச்சிடுவது அதை வாசிப்பது என்பது அவர் கொள்கை. பியானோ பழகியது வீண் போகவில்லை. அச்சிடும் போது, வெளிச்சத்துக்குக் குறுக்கே அட்டைத் துண்டுகளைப் பிடித்து, ஓர் இடத்துக்கு வெளிச்சம் குறைப்பார். இன்னோர் இடத்துக்கு அதிகம் காட்டுவார். அந்தப் படத்தில் வானம், ஆண்டுக்கு ஆண்டு கறுத்துக்கொண்டே போயிற்று. முதலில் அச்சிட்ட பிரதிகளில் மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரதிகளில் சந்திரனைத் தவிர மேலே எல்லாம் ஒரே கறுப்பு.

இவ்வளவு கணக்குப் பார்த்தவருக்குத் தேதி மட்டும் நினைவு இருக்காது. 1940 என்பார், 1944 என்பார். கடைசியில் வான சாஸ்திரம் தெரிந்தவர்கள், படத்தில் சந்திரன் நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் தேதியைக் கண்டுபிடித்தார்கள். 1991-ல் வந்த முடிவுப்படி, மாலை 4 மணி 49 நிமிடம்.

முள்வேலிக்குள்ளே

1941 டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கியது. அதன் பிறகு, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அமெரிக்க அரசு பிடித்து முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அப்படிப்பட்ட முகாம்களில் ஒன்று, சியரா மலை அடிவாரத்தில் இருந்த மன்சனார்.

1943-ல் ஆடம்ஸ் அங்கே போனார். காவல் கோபுரத்தையும், முள்வேலியையும், துப்பாக்கிக்காரர்களையும் படம் பிடிக்கக் கூடாது என்று தடை இருந்தது. அவர் அங்கு இருந்த மனிதர்களின் முகங்களைப் படம் பிடித்தார். விவசாயிகள், நர்சுகள், பள்ளிப் பிள்ளைகள். 1944-ல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். அவர்களும் நம்மைப் போன்ற அமெரிக்கர்களே என்பது அதன் சாரம். போர் நடக்கும் போதே இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். படங்களில் எல்லாரும் சிரிக்கிறார்களே, அவர்கள் பட்ட கஷ்டம் எங்கே என்று பிற்காலத்தில் குறை சொன்னவர்களும் உண்டு. அந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது.

அந்த வேலைக்கு இடையேதான், பக்கத்தில் இருக்கும் லோன் பைன் ஊரில் இன்னொரு புகழ் பெற்ற படத்தை எடுத்தார். நாலு நாள் விடியும் முன்பே போய்க் காத்து இருந்தார். நாலு நாளும் மேகம் கெடுத்தது. ஐந்தாம் நாள் கடும் குளிர். மலை உச்சியில் வெயில் பட்டது. அடிவாரத்துப் புல்வெளியில் ஒரு குதிரை மேய்ந்துகொண்டு இருந்தது. ஆனால் அது காமிராவுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது! வெளிச்சம் புல்வெளியில் நகர்ந்து நகர்ந்து குதிரை நிற்கும் இடத்துக்கு வந்தது. கடைசி விநாடியில் குதிரை பக்கவாட்டில் திரும்பியது. எடுத்துவிட்டார்.

அங்கே ஒரு குன்றின் மீது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சுண்ணாம்பால் வெள்ளையாக, பெரிதாக எழுதி வைத்து இருந்தார்கள். படத்தில் அந்த எழுத்துக்கள் இல்லை. ஆடம்ஸ் அவற்றை மறைத்துவிட்டார். அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

60 அடிப் படம்

இவ்வளவு புகழ் இருந்தும் வருமானம் போதவில்லை. ஆடம்ஸ் பல ஆண்டுகள் கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்தே குடும்பம் நடத்தினார். 1969-ல் அவருடைய யோசெமிட்டிப் படம் ஒன்று காப்பித் தூள் டப்பாவில்கூட வந்தது.

நியூயார்க்கின் பெரிய ரெயில் நிலையத்தில், கோடக் கம்பெனியார் 1950 முதல் 1990 வரை ராட்சதக் கலர் படங்களை வைத்து இருந்தார்கள். ஒவ்வொன்றும் 18 அடி உயரம், 60 அடி அகலம். அதற்குப் படம் கொடுத்தவர்களில் ஆடம்சும் ஒருவர். அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். மலைத்தொடரையோ, கடற்கரையையோ அப்படியே நீளமாகக் காட்ட ஏற்ற அளவு.

இன்று செல்போனை இடம் இருந்து வலமாகத் திருப்பினால், நீளப் படம் தானாக வந்துவிடுகிறது. பிலிம் காமிராவில் எடுப்பவர்கள், பல படங்களை வரிசையாக எடுத்து ஒட்ட வேண்டும். அதற்குச் சில விஷயங்களைக் கவனித்தால் போதும். ஸ்டாண்டு மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்து இருந்தால், படம் திரும்பத் திரும்ப அடிவானம் ஏறிக்கொண்டே போகும். காமிராவை நெட்டுக்குத்தாக மாட்டுங்கள். ஒரு படத்தில் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த படத்திலும் வர வேண்டும். வெளிச்ச அளவை ஒரு முறை வைத்தால், கடைசிப் படம் வரை மாற்றக் கூடாது. மாற்றினால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். பக்கத்தில் உள்ள வேலி, மரக்கிளை எதுவும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்து மலை பொருந்தினாலும், பக்கத்து வேலி பொருந்தாது.

அவர் பெயரில் ஒரு மலை

1962-ல் ஆடம்ஸ், கலிபோர்னியாவின் கடற்கரையில் கார்மலுக்குப் பக்கத்தில் குடியேறினார். 1975-ல், இனிமேல் பிரதிகளுக்கு ஆர்டர் வாங்குவது இல்லை என்று அறிவித்தார். அறிவிப்பைக் கேட்டு ஆர்டர்கள் குவிந்தன. சுமார் 3,000 பிரதிகள்! அவற்றை அச்சிட்டு முடிக்கவே சில ஆண்டுகள் பிடித்தன. 1980-ல் ஜனாதிபதி கார்ட்டர் அவருக்கு சுதந்திரப் பதக்கம் கொடுத்தார். சாமானியக் குடிமகனுக்கு அமெரிக்கா அளிக்கும் மிக உயர்ந்த விருது அது.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. காமிரா, நெகடிவ், பிரிண்ட் என்று மூன்று பாடப் புத்தகங்களைத் திருத்தி எழுதினார். காடுகளையும் மலைகளையும் காப்பாற்றும்படி அதிகாரிகளுக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். 1984-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, 82-வது வயதில், இதய நோயால் காலமானார்.

யோசெமிட்டியின் தென்கிழக்கு ஓரத்தில் 11,760 அடி உயரச் சிகரம் ஒன்று உண்டு. சியரா சங்க நண்பர்கள் அதை 1930-களிலேயே ஆடம்ஸ் மலை என்று அழைத்து வந்தார்கள். உயிரோடு இருப்பவர் பெயரை மலைக்கு வைப்பது இல்லை என்பதால், அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1985-ல், அவர் இறந்து ஓர் ஆண்டு ஆன போது, ஆன்சல் ஆடம்ஸ் மலை என்று அந்தச் சிகரத்துக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டினார்கள்.